தீவில் தனித்து நிற்கும் சர்வர்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்த பின்னரே அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகரை அடைகிறது. போர்ட் பிளேயர் என்று நெடுங்காலம் வழங்கிவந்த அந்நகரம் 2024 செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்து தெற்கே சென்று, பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்தால் கார் நிக்கோபார், அதற்கும் அப்பால் கமோர்ட்டா, இறுதியில் பெரிய நிக்கோபார் என்று தீவுகள் தொடர்கின்றன. இத்தீவுகளில் பள்ளியிலோ, மருத்துவ நிலையத்திலோ, வானிலை நோக்கு நிலையத்திலோ பணிபுரிவோர் யாவரும் அறிந்த இடர் ஒன்றுண்டு. ஒரு யந்திரம் பழுதுற்றால் அதனைச் சீர்செய்யத் தெரிந்தவர் கப்பலேறியோ ஹெலிகாப்டரிலோ வந்து சேர வேண்டும். கடல் கொந்தளிக்குமாயின் அப்பயணமும் தள்ளிப்போகும்.

இன்று இத்தகைய அலுவலகங்கள் பலவற்றில் சர்வர் எனப்படும் கணிப்பொறி ஒன்று இரவுபகலாக இயங்க வேண்டியிருக்கிறது. அதன் அருகே அதனை அறிந்த ஆள் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே அது தானே எழுந்து இயங்கவும், தேவையற்றோர் நுழையாதபடி காக்கப்படவும், தொலைவிலிருந்தே பழுது நீக்கப்படவும் கூடியதாக அமைய வேண்டும். இம்மூன்று தேவைகளுக்கும் மூன்று ஏற்பாடுகள் உள்ளன. அவை பின்னணிச் சேவை, வாயிற் பதிலாள், சுரங்கவழி என்பன. இவை யாவை, எவ்விதம் வேலை செய்கின்றன, எவ்விடத்தில் தவறிவிடுகின்றன என்பவற்றைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளுதல் பயனுடையதாகும்.

விண்கலமும் கடலடிக் கேபிளும்

2020 வரை இத்தீவுகளுக்கும் நாட்டின் பெருநிலப்பகுதிக்கும் இடையே இணையத் தொடர்பு பெரும்பாலும் செயற்கைத் துணைக்கோள்கள் வாயிலாகவே நடைபெற்றது. 2018 டிசம்பர் 30 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கேபிள் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய்ச் செலவில், 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் இடப்பட்ட அக்கேபிளைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைத்தார். பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனம் இப்பணியை நிறைவேற்றியது. தலைநகரையன்றி ஸ்வராஜ் த்வீப், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய ஏழு இடங்களும் இதனால் இணைக்கப்பட்டன.

இதனால் விளைந்த மாறுதலை எளிய கணக்கொன்றால் அறியலாம். புவிநிலைத் துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தீவிலிருந்து புறப்படும் செய்தி மேலே சென்று கீழே இறங்குவதற்கு 71,600 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தைக் கடக்க வேண்டும். வானொலி அலையின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆதலின் ஒரு வழிக்கு ஏறத்தாழ கால் வினாடியும், கேள்வி சென்று விடை மீள ஏறத்தாழ அரை வினாடியும் செல்லும். ஒளியிழையிலோ ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. ஆயினும் தூரம் மிகச் சிறிது. 2,300 கிலோமீட்டரையும் ஒளி முழுமையாகக் கடந்து மீண்டாலும், அதற்கு ஆகும் காலம் வினாடியின் ஆயிரத்தில் 23 பங்கே.

அரை வினாடி சிறியதெனத் தோன்றலாம். ஆனால் பாதுகாப்பான ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டுப் பெறுவதற்கு ஒருமுறை போய்வந்தால் போதாது. முதலில் இரு யந்திரங்களும் ஒன்றையொன்று அழைத்து உறுதி செய்துகொள்ள ஒரு பயணம் வேண்டும். இரகசியச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளப் பழைய முறையில் இரண்டு பயணங்களும், 2018 இல் வெளியான புதிய முறையில் ஒரு பயணமும் ஆகும். பின்னரே பக்கத்தைக் கேட்கும் பயணம் தொடங்குகிறது. ஆகப் பழைய முறையில் 4 பயணங்கள். துணைக்கோள் வழியில் இதற்கு 2 வினாடியும், கேபிள் வழியில் வினாடியின் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த காலமும் செல்கின்றன.

கேபிள் வந்தபின் தீவுச் சர்வர்களின் கவலை நீங்கிவிட்டது என்று எண்ணுதல் தவறு. மேலே கூறிய பட்டியலில் இல்லாத, மக்கள் வாழும் தீவுகளும் உள்ளன. கேபிள் வந்த இடத்திலும் மின்சாரம் தடைப்படுவதுண்டு. கடலடியில் இழை அறுந்தால் அதனைத் தூக்கி ஒட்டுவதற்குத் தனிக் கப்பல் வர வேண்டும். தொடர்பு அறும் நாளே அதன் தேவை மிகும் நாளாகவும் இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்ராவுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் இதனை உணர்த்தின. அன்று தீவுகளுக்கிடையே வழக்கமான தொடர்புகள் பல அற்றுப்போயின. பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் வேறொரு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேயர் வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர், தம் நிலையத்தை உடனே அவசரச் செய்திப் பணிக்குத் திருப்பினர். தீவிலிருந்தவர்களின் செய்தியை வாங்கி, அவர்கள் சார்பில் பெருநிலப்பகுதிக்கு அனுப்பி, விடையையும் வாங்கித் தந்தனர். இடையில் நின்று பிறர் சார்பில் செய்தி கடத்தும் இவ்வேலையைத்தான் கணிப்பொறி உலகில் பதிலாள் செய்கிறது.

பின்னணிச் சேவை

விளக்கத்தின் பொருட்டுக் கமோர்ட்டாவில் ஒரு பள்ளி இருப்பதாகக் கொள்க. அங்கே சிறு சர்வர் ஒன்று நிறுவப்பட்டுள்ளது. அதில் மூன்று நிரல்கள் இயங்குகின்றன. ஒன்று, பள்ளி வளாகத்திலுள்ள தானியங்கி மழைமானியின் அளவை 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைக்கிறது. இரண்டாவது, மாணவர் பயிலும் பாடநூல்களையும் படங்களையும் கொண்ட நூலகம். மூன்றாவது, மாணவர் மதிப்பெண் பதிவேடு.

இவற்றை நிறுவுபவர் பெரும்பாலும் தம் கணிப்பொறியிலிருந்து சர்வருக்குள் நுழைந்து, கட்டளையைத் தட்டி, நிரலைத் தொடங்குவார். நிரல் இயங்கும். அவர் சாளரத்தை மூடியதும் அது நின்றுவிடவும் கூடும். இதன் காரணம் பழைமையானது. தொலைபேசிக் கம்பி வழியே கணிப்பொறியை உபயோகித்த காலத்தில், தொலைபேசி வைக்கப்பட்டவுடன் அந்த ஆளுக்குரிய நிரல்களை நிறுத்தும் பொருட்டு ஒரு சைகை ஏற்படுத்தப்பட்டது. யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் அச்சைகை இன்றும் உள்ளது. ஆளைச் சார்ந்து தொடங்கிய நிரல் அவ்வாள் விடைபெறும்போது தானும் விடைபெறுகிறது.

ஆளைச் சாராமல், யந்திரம் எழும்போதே தானும் எழுந்து, திரைக்குப் பின்னால் ஓயாது இயங்கும் நிரலே பின்னணிச் சேவை. ஆங்கிலத்தில் இதனை 'டீமன்' என்பர். 1963 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'மாக்' என்ற திட்டத்தில் பணிபுரிந்தவர்கள் இப்பெயரை இட்டனர். பௌதிக அறிஞர் மாக்ஸ்வெல் தமது கற்பனைச் சோதனையொன்றில், ஓயாது அமர்ந்து மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கும் சிறு பூதம் ஒன்றைப் படைத்திருந்தார். அப்பூதமே இப்பெயருக்கு மூலம்.

லினக்ஸ் இயக்க அமைப்பில் இச்சேவைகளை மேற்பார்க்கும் பணியை இன்று பெரும்பாலும் 'ஸிஸ்டம்டி' என்ற நிரல் செய்கிறது. இது 2010 இல் வெளிவந்தது. ஒவ்வொரு சேவைக்கும் சில வரிகள் கொண்ட ஆணைத் தாள் ஒன்று எழுதி வைக்கப்படும். எந்த நிரலை இயக்குவது, எந்தப் பயனர் பெயரில் இயக்குவது, எச்சேவை எழுந்த பின் இது எழ வேண்டும், நின்றுவிட்டால் மீண்டும் எழுப்புவதா, எத்தனை வினாடி பொறுத்து எழுப்புவது என்பன அதில் அடங்கும். முழு அதிகாரமுள்ள தலைமைப் பயனரின் பெயரில் சேவையை இயக்குதல் கூடாது. அதற்கென அதிகாரம் குறைந்த தனிப் பயனர் ஒருவரை ஏற்படுத்தினால், அந்நிரலில் ஓட்டை இருந்தாலும் கேடு முழு யந்திரத்துக்கும் பரவாது.

தீவில் பணிபுரிவோர் சிறப்பாக அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'நின்றால் மீண்டும் எழுப்புக' என்று மட்டும் எழுதிவிட்டால் போதுமென எண்ணுவோர் பலர். ஆனால் இம்மேற்பார்வை நிரல், வேறு ஆணை இல்லாதபோது, வினாடியின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பொறுத்து மீண்டும் எழுப்ப முயலும். 10 வினாடிக்குள் 5 முறை எழுப்பியும் சேவை நிலைக்காவிட்டால், அதனைப் பழுது எனக் குறித்துக் கைவிட்டுவிடும். கேபிள் தொடர்பு ஒரு மணி நேரம் அற்றுப்போனதாகக் கொள்க. வெளித்தொடர்பை நம்பியிருக்கும் சேவை உடனே விழும். ஐந்து முறையும் நொடிப்பொழுதில் தீர்ந்துவிடும். தொடர்பு மீண்டு வந்தபோது அச்சேவையை எழுப்ப எவரும் இரார். இதனைத் தவிர்க்க 30 வினாடி பொறுத்து எழுப்புமாறு ஆணையிட வேண்டும். அங்ஙனம் செய்தால் 10 வினாடியில் ஐந்து முறை என்ற எல்லை எட்டப்படுவதே இல்லை. எத்தனை மணி நேரம் ஆயினும் முயற்சி தொடரும். ஒரு வரி ஆணையில் ஒரு கப்பல் பயணம் மிச்சமாகிறது.

வேறு இரண்டு செய்திகளும் கவனிக்கத்தக்கன. மின்சாரம் போய் மீண்டால் யந்திரம் தானே இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விருப்பத்தைக் கணிப்பொறியின் அடிப்படை அமைப்பிலேயே குறித்து வைத்தல் வேண்டும். பல யந்திரங்கள், பொத்தானை அழுத்தும்வரை உறங்கிக் கிடக்குமாறு தொழிற்சாலையில் அமைக்கப்பட்டு வருகின்றன. அடுத்து, ஒவ்வொரு சேவையும் தன் செயல்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். பதிவேட்டுக்கு அளவு வரையறுக்காவிட்டால் சேமிப்புத் தட்டு நிரம்பி, மழையளவைக் குறிக்கவும் இடமின்றிப் போகும்.

வாயிற் பதிலாள்

பெரிய அரசு அலுவலகம் ஒன்றுக்கு நாள்தோறும் பல கடிதங்கள் வருகின்றன. எழுதுவோர் ஒவ்வொரு பிரிவையும் தேடிச் செல்வதில்லை. தபால் பிரிவு எழுத்தர் எல்லாவற்றையும் வாங்கி, பதிவேட்டில் எண்ணிட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புகிறார். விடையும் அவர் வழியே வெளிச்செல்கிறது. உள்ளே எத்தனை அறைகள், யார் எங்கே அமர்ந்துள்ளார் என்பது வெளியாருக்குத் தெரியவேண்டியதில்லை. சர்வரில் இவ்வேலையைச் செய்யும் நிரலே 'ரிவர்ஸ் பிராக்ஸி'. தமிழில் இதனை வாயிற் பதிலாள் எனலாம்.

சாதாரணப் பிராக்ஸி என்பது கேட்பவரின் சார்பில் வெளியே செல்வது; கடைக்குப் போக இயலாதவர் அனுப்பும் ஆளைப் போன்றது. வாயிற் பதிலாள் கொடுப்பவரின் சார்பில் வாயிலில் நிற்பது. திசை மாறியிருப்பதாலேயே 'ரிவர்ஸ்' என்ற அடைமொழி வந்தது. இவ்வேலைக்குப் பரவலாக உபயோகிக்கப்படும் 'என்ஜின்எக்ஸ்' என்ற நிரலை ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் 2004 இல் வெளியிட்டார். 'அப்பாச்சி', 'ஹெச்ஏபிராக்ஸி' முதலியனவும் உள்ளன.

கமோர்ட்டாப் பள்ளியின் மூன்று நிரல்களும் சர்வரின் 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாயில்கள் மூன்றில் காத்திருக்கின்றன. அவை யாவும் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே செவிசாய்க்குமாறு அமைக்கப்பட வேண்டும். அது யந்திரம் தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரி. வெளியிலிருந்து அதனை எவரும் எட்ட முடியாது. வெளியே திறந்திருப்பது 443 என்ற பாதுகாப்பான வாயில் ஒன்றே. அதில் பதிலாள் நிற்கிறது. 'மழை' என்று கேட்டால் முதல் நிரலுக்கும், 'நூலகம்' என்று கேட்டால் இரண்டாவதற்கும் அது வழிகாட்டும். மதிப்பெண் பதிவேட்டை வெளியிலிருந்து எவர் கேட்டாலும் மறுத்துவிடும். மறைகுறியாக்கமும் அதற்குரிய சான்றிதழும் பதிலாளிடம் ஓரிடத்தில் இருந்தாலே போதும்; மூன்று நிரல்களுக்கும் தனித்தனியே வேண்டியதில்லை. ஆனால் சான்றிதழ் குறித்த காலத்தில் காலாவதியாகும் ஒன்று. அதனைப் புதுப்பிக்கும் வேலையையும் ஒரு பின்னணிச் சேவையிடம் ஒப்படைக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து ஓர் ஆள் செய்வார் என்று நம்பியிருத்தல் கூடாது.

வேலை நேரத்தில் திரையில் '502' என்றோ '504' என்றோ எண் தோன்றினால் பலர் இணையமே போய்விட்டதென முடிவு செய்கின்றனர். அவ்வெண்களின் பொருள் வேறு. வாயிலில் நிற்கும் பதிலாள் நலமே. உள்ளே இருக்க வேண்டிய நிரல் இல்லை, அல்லது பொருந்தா விடை தந்தது என்றால் 502. நிரல் குறித்த காலத்துக்குள் விடை தரவில்லை என்றால் 504. ஆகவே தேட வேண்டிய இடம் வெளிக்கம்பி அன்று, உள்ளிருக்கும் சேவை. இவ்வேறுபாட்டை அறிந்தவர் தொலைபேசியில் சரியான தகவலைத் தந்து அரைநாள் அலைச்சலைக் குறைக்கலாம்.

வாயிற் பதிலாளைத் தீவிலேயே வைக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சென்னையில் ஒரு சர்வரில் அதனை வைத்து, தீவுச் சர்வருடன் எப்போதும் திறந்திருக்கும் தொடர்பு ஒன்றை ஏற்படுத்தலாம். சென்னையிலோ மதுரையிலோ இருந்து மழையளவைக் கேட்பவருக்கு, முன் கூறிய அழைப்பும் சாவிப் பரிமாற்றமும் பெருநிலப்பகுதியிலேயே முடிந்துவிடுகின்றன. கடலைக் கடப்பது பக்கத்தைக் கேட்கும் ஒரு பயணம் மட்டுமே. துணைக்கோளை நம்பியுள்ள தீவுக்கு இதனால் 2 வினாடி, அரை வினாடியாகக் குறைகிறது. மேலும், பதிலாள் கடைசியாக வாங்கிய பக்கத்தின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தீவுத் தொடர்பு அற்ற வேளையில் அந்நகலையே தருமாறும் அமைக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நகலில், எந்த நாளில் எந்த மணிக்கு எடுத்த அளவு என்பது தெளிவாக அச்சிடப்பட்டிருத்தல் இன்றியமையாதது. நேற்றைய மழையளவை இன்றையதெனக் கொண்டு முடிவெடுப்பது, அளவே கிடைக்காமல் இருப்பதைவிடத் தீமை பயக்கும்.

சுரங்கவழி

அடுத்த இடர், சென்னைப் பதிலாள் தீவுச் சர்வரை எவ்வாறு எட்டுவது என்பது. இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. எனவே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னே வைக்கின்றன. அங்ஙனம் வைக்கப்பட்ட சர்வர் வெளியாரை அழைக்கலாம். வெளியார் அதனை அழைக்க முடியாது. புதிய முகவரி முறையில் இக்குறை இல்லையெனினும் அது எல்லா இடத்தும் கிடைப்பதில்லை. தீயரண் எனப்படும் பாதுகாப்பு நிரல்களும் உள்ளே வரும் அழைப்புகளைத் தடுப்பது வழக்கம்.

வெளியே பேச மட்டும் வசதியுள்ள தொலைபேசி ஒன்று ஒரு வீட்டில் இருப்பதாகக் கொள்க. அவ்வீட்டாருடன் எந்நேரமும் பேச விரும்பினால் ஒரே வழிதான் உண்டு. அவ்வீட்டாரே அழைத்து, தொடர்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்போது மறுமுனையில் இருப்பவர் வேண்டியபோது பேசலாம். சுரங்கவழியின் தத்துவம் இதுவே. தீவுச் சர்வர் தானே சென்னைச் சர்வரை அழைத்து, மறைகுறியாக்கிய தொடர்பு ஒன்றைத் திறந்து வைக்கிறது. வெளியார் கேள்விகள் அத்தொடர்பின் உள்ளே, கடிதத்தை மற்றோர் உறைக்குள் இட்டு ஒட்டுவது போல் இடப்பட்டு, எதிர்த்திசையில் தீவை அடைகின்றன. இடையில் உள்ளோர் மேலுறையை மட்டுமே காண்பர்.

இதற்கு நெடுங்காலமாக உபயோகத்தில் உள்ள சாதனம் 'எஸ்எஸ்ஹெச்'. பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யிலோனென் என்பவர் 1995 இல் இதனை உருவாக்கினார். அண்மைக் காலத்தில் பரவியுள்ள மற்றொன்று 'வயர்கார்டு'. ஜேசன் டோனென்ஃபெல்டு எழுதிய இது 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவகத்தின் ஒரு பகுதியாகச் சேர்ந்தது.

சுரங்கவழியும் ஒரு பின்னணிச் சேவையாகவே இயக்கப்பட வேண்டும். அதன் தோல்விகள் மூன்று வகையின.

முதலாவது, இறந்த தொடர்பை உயிருள்ளதாகக் கருதுதல். கடலடியில் கேபிள் அறும்போது, இரு முனையிலும் உள்ள யந்திரங்களுக்கு அதுபற்றி எவரும் அறிவிப்பதில்லை. விடை வரும் என்று அவை மணிக்கணக்கில் காத்திருக்கும். சேவை நின்றால்தானே மேற்பார்வை நிரல் மீண்டும் எழுப்பும்? அது நிற்பதே இல்லை. ஆதலின் 30 வினாடிக்கு ஒருமுறை நலம் விசாரித்து, தொடர்ந்து மூன்று முறை விடை வராவிடில் தானே நின்றுவிடுமாறு அமைத்தல் வேண்டும். இவ்விசாரணையால் மற்றொரு பயனும் உண்டு. பொது முகவரியைப் பங்கிடும் யந்திரங்கள், பேச்சற்றிருக்கும் தொடர்புகளைச் சிறிது நேரத்தில் மறந்துவிடும். வயர்கார்டில் 25 வினாடிக்கு ஒரு சிறு செய்தி அனுப்புமாறு பரிந்துரைக்கப்படுவது இக்காரணத்தாலேயே.

இரண்டாவது, வாயில் ஏற்கெனவே பிடிபட்டிருத்தல். தீவுச் சர்வர் மீண்டும் அழைக்கும்போது, சென்னைச் சர்வரில் பழைய தொடர்பு இன்னும் தன் வாயிலைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். புதிய தொடர்பு உண்டாகும். ஆனால் அதற்கு வாயில் கிடைக்காது. எஸ்எஸ்ஹெச் இதனைப் பிழையெனக் குறித்துவிட்டு, பயனின்றி இயங்கிக்கொண்டிருக்கும். வாயில் கிடைக்காவிடில் நின்றுவிடுக என்ற ஆணை அதற்கு வேண்டும். நின்றால், 30 வினாடி கழித்து மேற்பார்வை நிரல் எழுப்பும். சென்னைச் சர்வரும் தன் பங்குக்கு நலம் விசாரித்து இறந்த தொடர்பைக் கைவிடுமாறு அமைந்திருந்தால், சில நிமிடங்களில் எல்லாம் சீராகும்.

மூன்றாவது, கடிகாரப் பிழை. சில சிறு கணிப்பொறிகளில் கடிகாரத்துக்கெனத் தனி மின்கலம் இல்லை. மின்சாரம் போய் மீண்டால் அவற்றின் தேதி பின்தங்கியிருக்கும். சான்றிதழைச் சரிபார்க்கும் சுரங்கவழிகள், 'இச்சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை' என்று மறுத்துவிடும். எனவே நேரத்தைச் சரிசெய்யும் சேவை முதலில் எழ வேண்டும். சுரங்கவழி அதன்பின் எழ வேண்டும்.

திறந்த வழியும் அதன் பொறுப்பும்

சுரங்கவழி சர்வரைச் சீர்செய்ய வருபவருக்கு மட்டுமன்றி, கெடுக்க வருபவருக்கும் வழியாகக்கூடும். தீயரண் உள்வரும் அழைப்பைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டுள்ளது. சுரங்கவழி அத்தடையைச் சுற்றிச் செல்கிறது. ஆகவே அலுவலகத் தொடர்பில் மேலதிகாரிகளின் அனுமதியும் தொடர்புப் பிரிவின் ஒப்புதலும் இன்றிச் சுரங்கவழி அமைத்தல் முறையன்று. எளிதாகக் கிடைக்கின்றனவென்று வணிக நிறுவனங்களின் சுரங்கவழிகளை மேற்கொள்வோரும், செய்தி அந்நிறுவனத்தின் யந்திரங்கள் வழியே செல்வதையும், சிலவற்றில் மேலுறை அங்கே பிரிக்கப்படுவதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்தி, சாவிக் கோப்புகளால் மட்டுமே நுழையுமாறு செய்தல் நன்று. தீவுச் சர்வரின் சாவிக்கு, அச்சுரங்கவழியைத் திறக்கும் உரிமையைத் தவிர வேறு எதுவும் சென்னைச் சர்வரில் இருத்தல் கூடாது. அவ்வாறாயின், தீவிலுள்ள யந்திரம் களவு போனாலும் அதனைக் கொண்டு சென்னைச் சர்வருக்குள் உலாவ இயலாது. பதிலாளின் பின்னேயுள்ள நிரலுக்கு எல்லாக் கேள்விகளும் பதிலாளிடமிருந்தே வருவதாகத் தோன்றும். கேட்டவரின் உண்மை முகவரியைப் பதிலாள் குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். நிரலும் தன் பதிலாள் தந்த குறிப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைகள் அரசு அமைப்புகளுக்கும் பொருந்துவன. குறிப்பிட்ட வகை ஊடுருவல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அறிவித்தல், பதிவேடுகளை 180 நாள் காத்து வைத்தல், தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசியப் பௌதிக ஆய்வகத்தின் நேரச் சர்வருடன் கடிகாரத்தை இணைத்தல் ஆகியன அவற்றுள் சில. கடிகாரம் பிழைபட்ட பதிவேட்டைக் கொண்டு எது முன், எது பின் என்று நிறுவ முடியாது.

கப்பல் புறப்படும் முன்

நிறுவும் பணி முடிந்ததும் எல்லாம் இயங்குவதைக் கண்டு விடைபெறுதல் வழக்கம். தீவில் அது போதாது. இயங்குவதைக் காண்பதைவிட, விழுந்து எழுவதைக் காண்பதே அங்கு சோதனையாகும். நிறுவியவர் புறப்படும் முன், பள்ளி ஆசிரியரின் முன்னிலையில் பின்வருவனவற்றைச் செய்து பார்த்தல் வேண்டும்.

சேமிப்பில் எழுதும் பணிகளைப் பத்திரமாக நிறுத்திய பின், மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் தந்து, பொத்தான் எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும். மூன்று நிரல்களும் சுரங்கவழியும் தாமே எழுகின்றனவா என்று காண வேண்டும். அடுத்து, வெளித்தொடர்புக் கம்பியை ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு மீண்டும் சொருக வேண்டும். அப்போது பள்ளிக்குள் நூலகம் தடையின்றி இயங்குகிறதா, கம்பி மீண்டபின் சுரங்கவழி எத்தனை நிமிடத்தில் திறக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொரு நிரலையும் வலிந்து நிறுத்தி, அது எழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு யந்திரத்தை மீண்டும் தொடங்க வேண்டும். இறுதியில், வேறொரு தொடர்பிலிருந்து மதிப்பெண் பதிவேட்டைக் கேட்டு, அது மறுக்கப்படுவதை உறுதி செய்ய வேண்டும்.

இச்சோதனைகளுக்கு அரைநாள் செல்லும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அதனைத் திருத்த ஆள் அருகிலேயே இருக்கிறார். அவர் கப்பலேறிய பின் அதே தவறு பல நாள் முடக்கமாகிறது. அந்நாள்களின் மழையளவு பின்னர் எவராலும் மீட்க இயலாத இழப்பாகிறது.

ஆசிரியரும் களப் பணியாளரும் மாற்றலாகிச் செல்வோர். யந்திரமோ அங்கேயே இருப்பது. எனவே சேவைகளின் பெயர்கள், ஒவ்வொன்றும் செய்யும் வேலை, பழுது நேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவை, தகவல் தரவேண்டிய அலுவலகம் ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதி, யந்திரத்தின் அருகே ஒட்டி வைத்தல் வேண்டும். கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதலாகாது. பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் மேசை, நாற்காலி, மழைமானி ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கையொப்பமிடுவது போலவே, அத்தாளையும் புதியவருடன் அமர்ந்து படித்துக் காட்டி, மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து மீட்டு, யந்திரம் எழுவதை அவரும் கண்ட பின்னரே கையொப்பமிடுதல் முறையாகும்.